ஷாப்லி ஓர் ஊரின் பெயர்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், 1990களின் நடுப்பகுதியில், வெளிநாட்டுச் செய்தியொன்றை மொழிபெயர்த்தபோது ‘சப்லிஸ் நிறுவனத்தின் வெள்ளை வைன்’ என்று எழுதினேன். ஒப்புநோக்குநராக இருந்த நண்பரும் அதனைத் திருத்தவில்லை. மறுநாள் அப்படியே அச்சில் வந்தது. ஆட்சேபித்து ஒருவர்கூடக் கடிதம் எழுதவில்லை.

அந்த நண்பர் பின்னர் பாரிஸுக்குப் புலம்பெயர்ந்தார். உணவகமொன்றில் கோப்பை கழுவுபவராகத் தொடங்கி, காலப்போக்கில் சிப்பி திறக்கும் பணிக்கு உயர்ந்தார். 2023 மே மாதம் அவரிடம் சென்றிருந்தபோது, “வாரும், எங்கட பிழையை ஒருக்காப் பார்த்துவிட்டு வருவம்” என்று கூறி, தென்கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தொலைவுக்குக் காரில் அழைத்துச் சென்றார்.

ஷாப்லி என்பது பேர்கண்டி பிரதேசத்தின் வடக்கே, ஸெரன் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர். அப்பெயரைத் தாங்கும் வைன் அவ்வூரையும் அயற்கிராமங்களையும் சேர்ந்த தோட்டங்களில், ஷார்டொனே என்ற ஒரேயொரு முந்திரிகை (திராட்சை) இனத்திலிருந்தே தயாரிக்கப்பட வேண்டும். 1938 முதல் இதுவே சட்டம். ஆயினும் அமெரிக்காவில் மலிவான எந்த வெள்ளை வைனுக்கும் இப்பெயர் சூட்டப்பட்டு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2006இல் செய்துகொண்ட உடன்பாட்டின் பின்னரும், முன்பிருந்தே அப்பெயரைப் பயன்படுத்தியோருக்கு விலக்களிக்கப்பட்டது. ஆக, ஊரை மறந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவன் நான் மட்டுமல்லன்.

தோட்டத்து மண்ணிலிருந்து நண்பர் ஒரு சுண்ணக்கல்லை எடுத்துக் காட்டினார். அதில் காற்புள்ளி வடிவிலான சிறு சிப்பிகள் அப்பியிருந்தன. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கு கடல் இருந்தமைக்கு அவை சாட்சி. அக்கடலின் சுவையே வைனில் ஏறுகிறது என்பர். வேர் வழியாகக் கல்லின் சுவை நேரே ஏறுவதில்லை என்று புவியியலாளர்கள் மறுப்பர். குளிர்ந்த காலநிலையே அதன் கூர்மையான புளிப்புக்கு முதற்காரணம்.

அக்குளிரே எதிரியுமாகிறது. தளிர்விடும் வேளையில் உறைபனி விழுந்தால் அவ்வாண்டு விளைச்சலே போய்விடும். 2021 ஏப்ரலில் அவ்வாறே பேரிழப்பு நேர்ந்தது. இரவிரவாகத் தோட்டத்தில் பெரிய மெழுகுத் தீபங்களை ஏற்றுகிறார்கள். அல்லது தளிர்கள்மீது நீரைத் தெளித்து அவற்றைப் பனிக்கட்டியால் மூடுகிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளிருக்கும் தளிரைக் காக்கும். விடிந்து வெப்பம் ஏறும்வரை நீர் நிற்கக்கூடாது. நின்றால் அதே பனிக்கட்டி தளிரைக் கொன்றுவிடும்.

அன்றிரவு தமது வீட்டில் நண்பர் இரண்டு டசின் சிப்பிகளைத் திறந்தார். கத்தியை மூட்டுவாயில் செருகி மெல்லத் திருப்பும் அந்தக் கை, ஒருகாலத்தில் எனது ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்த கை. பச்சைச் சிப்பியின் உப்பும் குளிர்ந்த ஷாப்லியின் புளிப்பும் ஒன்றையொன்று அடக்கின. வாட்டிய மீன், ஆட்டுப்பால் பாற்கட்டி, அவ்வூரின் புகழ்பெற்ற ஆந்துயெத் என்ற குடல் இறைச்சிப் பண்டம் ஆகியனவும் அதற்குப் பொருந்தும்; புளிப்பு கொழுப்பை வெட்டிவிடுகிறது. அவரது மனைவி சமைத்த நண்டுக்கறியுடன் மட்டும் அது தோற்றது. இனிப்பற்ற வைன் மிளகாயின் எரிவை மேலும் கூட்டவே செய்தது.

“அண்டைக்கு அகராதியைப் புரட்டியிருக்கலாம்” என்றார் நண்பர். அவர் குரலில் பகிடி இருக்கவில்லை. எழுத்துத் திருத்தும் வேலையை இழந்து கால்நூற்றாண்டு கடந்தும், அந்தப் பிழையை அவர் சுமந்திருக்கிறார். எழுதிய நான் அதை எப்போதோ மறந்துவிட்டிருந்தேன்.

பத்திரிகையில் வெளிவராத அத்திருத்தத்தை அவருக்காக இங்கே இடுகிறேன்: ஷாப்லி நிறுவனமன்று, ஓர் ஊர். தவறுக்கு வருந்துகிறேன்.