ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஓர் உறுத்துக்கட்டளையும்

“வாதிக்கு என்ன நோய்? டாக்டர் சான்றிதழ் எங்கே?” எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்ட இந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடிந்தால் வழக்கு எங்களுக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு. என் கட்சிக்காரருக்கு நோய் எதுவும் இல்லை. அதனால் சான்றிதழும் இல்லை.

2017 கடைசியில் நடந்தது. கோவை சிங்காநல்லூர்ப் பக்கம், மில்கள் ஓகோவென்று ஓடிய காலத்தில் எழுந்த வரிசை வீடுகள். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். தளம் போட வசதியில்லாதவர்களுக்கு 1970களில் ஆஸ்பெஸ்டாஸ் பெரிய வரமாக இருந்தது. வருஷா வருஷம் ஓடு மாற்ற வேண்டாம், ஒழுகாது, ஒரே நாளில் கூரை முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு வீட்டை ஒருவர் புதிதாக வாங்கினார். இடித்துவிட்டு மாடி கட்டுவது திட்டம். ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்பினார். ஒரு பையன் கூரைமேல் ஏறி, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, கிரைண்டரால் ஷீட்டை அறுக்க ஆரம்பித்தான். இன்னொருவர் சம்மட்டியால் தட்டிக் கீழே தள்ளினார்.

பக்கத்து வீட்டு அம்மா, ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், சாயங்காலமே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். “ஷீட்டு அவங்க ஊட்டுதுங்க சார். தூசி எங்கூட்டுத் தண்ணித் தொட்டீலதானுங்க உளுகுது” என்றார். பிராதின் சாரம் முழுவதும் அந்த இரண்டு வரியில் இருந்தது. நான் எழுதிய பத்திகளெல்லாம் அதற்குப் பொழிப்புரைதான்.

உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, உடைப்பதை நிறுத்திவைக்கும் இடைக்கால உறுத்துக்கட்டளை கேட்டோம். கூடவே வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கவும் மனு. ஆணையராகப் போன இளம் வழக்கறிஞர் கெட்டிக்காரர். தொட்டி மூடிமீது படிந்திருந்த சாம்பல் நிறத் தூள், மொட்டை மாடியில் காய்ந்த துணி, சந்தில் குவிந்து கிடந்த உடைசல் எல்லாவற்றையும் படமெடுத்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதினார். அந்தத் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மைக்ரோஸ்கோப் வேண்டும் என்பதையும் அவரே குறித்துவிட்டார். அறிக்கைக்கு மதிப்புக் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதிர்த்தரப்புக்குப் பலமான வாதம் இருந்தது. கடைக்குக் கடை இந்த ஷீட் விற்கிறது. நம் நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களுக்குத்தான் அனுமதி நின்றதே தவிர, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி நிற்கவில்லை. முழுத் தடை கேட்டுப் போட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றமே 2011இல் கல்யாணேஸ்வரி வழக்கில் தள்ளுபடி செய்திருக்கிறது. சட்டப்படி விற்கும் ஒரு பொருளை ஒருவர் தன் வீட்டிலிருந்து எடுப்பதில் என்ன தப்பு?

வழக்கு நடந்த அதே டிசம்பரில் இலங்கைச் செய்தி ஒன்று வந்தது. 2018 ஜனவரியிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியைத் தடுக்க இலங்கை திட்டமிட்டிருந்தது. தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா சிலோன் டீயை நிறுத்தியது. இலங்கை ஆஸ்பெஸ்டாஸ் தடையைத் தள்ளிவைத்தது, டீ மறுபடி கப்பல் ஏறியது. நீதிமன்றக் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே அதைப் படித்தபோது, நம் ஊரில் தடை வரும் என்று காத்திருந்து பயனில்லை என்று தோன்றியது.

ஆகவே வாதத்தில் தடையைத் தொடவே இல்லை. ஷீட் கெட்டதா நல்லதா என்பது எங்கள் வழக்கல்ல, அதை உடைக்கும் விதம்தான் வழக்கு என்று நிறுத்திக்கொண்டேன். முழுசாக இருக்கும் ஷீட்டில் நார் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கிறது. அறுத்தால், உடைத்தால், கம்பி பிரஷ் போட்டுப் பாசியைத் தேய்த்தால் வெளியே வருகிறது. மூச்சோடு போன நுண்ணிய நார் நுரையீரலில் தங்கிவிடும். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உட்பட எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

சான்றிதழ் கேள்விக்குப் பதில் உச்ச நீதிமன்றத்திலேயே கிடைத்தது. 1995இல் நுகர்வோர் கல்வி, ஆராய்ச்சி மைய வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் வரும் உரிமை என்று தீர்ப்பானது. அதில் ஒரு கட்டளை: ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டு, அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். “எதற்கு 40 ஆண்டு? நோய் அவ்வளவு தாமதமாக வருகிறது என்பதால்தானே? இன்றைக்குச் சான்றிதழ் கேட்டால் என் கட்சிக்காரர் எங்கே போவார்?” என்று கேட்டேன். குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 38ஆம் பிரிவும் கைகொடுத்தது. உரிமைக்கு அச்சுறுத்தல் இருந்தாலே போதும். சேதத்தை அளக்க வழியில்லை என்றாலோ பணம் ஈடாகாது என்றாலோ நீதிமன்றம் உறுத்துக்கட்டளை வழங்கலாம். இடைக்கால உத்தரவு கிடைத்தது.

வில்லன் கதை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டை வாங்கியவர் நல்ல மனிதர். “கேன்சர் வரும்னு சொன்னாங்க. அதனாலதானுங்க சீக்கிரம் எடுத்துப்போடச் சொன்னேன்” என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அந்த அவசரம்தான் கிரைண்டரைக் கூரைமேல் ஏற்றியது. நீதிபதி அவரைப் பார்த்துக் கேட்காமல் எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்: “சரி, உடைக்காமல் எப்படிப் பிரிப்பது? யாராவது சொல்லுங்கள்.”

உண்மையில் வழக்கு அங்கேதான் ஆரம்பமானது. வீட்டுக்காரர் கூரையைப் பிரிக்க இன்ன மாதிரிச் செய் என்று கையில் கொடுக்க எளிய விதி எதுவும் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 11769 பாதுகாப்பான பயன்பாட்டுக்கும் ஐ.எஸ். 11768 கழிவகற்றலுக்குமான வழிகாட்டிகள். 1999இல் தடைசெய்த பிரிட்டனின் பாதுகாப்பு நிர்வாகம், பழைய ஷீட்டைக் கழற்றும் முறையைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. இவற்றை மேசையில் போட்டுக்கொண்டு, இரு தரப்பும் ஒரு கட்டடப் பொறியாளரோடு உட்கார்ந்து சமரச மனு எழுதினோம்.

கிரைண்டர், சம்மட்டி கூடாது. பிரிக்கும் நாளைப் பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். தொட்டி, ஜன்னல் மூடியிருக்க வேண்டும். காற்றடிக்கும் நாளில் வேலை இல்லை. செடிக்கு மருந்தடிக்கும் தெளிப்பானில் சோப்புத் தண்ணீர் நிரப்பி ஷீட்டை நனைக்க வேண்டும், ஹோஸ் பைப் வைத்துப் பீய்ச்சக் கூடாது. துருப்பிடித்த ஜே போல்ட்டைத் தட்டாமல் கட்டர் வைத்து வெட்ட வேண்டும். யாரும் ஷீட்மேல் கால் வைக்கக் கூடாது, சாரம் கட்டித்தான் வேலை. பழைய ஷீட் சொல்லாமல் முறியும், நோய் வர 20 ஆண்டு ஆகலாம், கூரை முறிந்து விழுந்தவருக்கு அன்றே கதை முடிந்துவிடும். ஷீட்டை முழுசாகக் கைமாற்றி இறக்கி, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். துண்டுகளை ஈரத்தோடு பொறுக்க வேண்டும், விளக்குமாறு போடக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பழைய ஷீட்டை ஒப்பந்தக்காரர் கூலியில் கழித்துக்கொண்டு ஆட்டுக் கொட்டகைக்கு விற்பது வழக்கம். அதையும் தடுத்தோம். அனுமதி பெற்ற அபாயக் கழிவு வண்டியில்தான் போக வேண்டும் என்று எழுதினோம். வாடகை யார் தலையில் என்பதில் ஒரு வாய்தா கழிந்தது. கடைசியில் பாதிப் பாதி. என் கட்சிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

எல்லாம் எழுதிய பிறகு நீதிபதி வாசித்துப் பார்த்து, “மேலே ஏறுகிறவருக்கு என்ன?” என்றார். எல்லோரையும்விட அதிகத் தூசியை விழுங்கிய பையன் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. 1995 தீர்ப்பு ஆலைத் தொழிலாளிக்காக வந்தது. தினக்கூலிக்குக் கூரை பிரிக்கிறவருக்கு எந்தப் பதிவேடும் இல்லை. முகத்தில் இறுகப் பொருந்தும் நுண்துகள் மாஸ்க், ஒருமுறை போட்டுக் கழற்றி எறியும் மேலங்கி, வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனை ஆகியவை நீதிபதி கேட்டுச் சேர்த்தவை. ஒப்பந்தக்காரர் செலவைக் காட்டி மறுத்தார். வீட்டுக்காரர் தானே தருவதாகச் சொல்லி முடித்துவைத்தார். சமரசத்தின்படி தீர்ப்பானை எழுதப்பட்டது, செலவுத்தொகை அவரவருக்கு.

உங்கள் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்து, விரிசலும் உதிர்தலும் இல்லையென்றால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். தேய்க்காமல், துளை போடாமல் பெயிண்ட் அடித்து வைத்திருக்கலாம். பிரித்தே ஆகவேண்டும் என்றால், கூலி பேசும்போதே மாஸ்க், தெளிப்பான், கழிவு வண்டி மூன்றையும் எழுத்தில் பேசிவிடுங்கள். கிரைண்டரோடு ஆள் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.