கப்பலுக்கு வர்ணம்

அருமையான பொருளொன்று கையில் இருக்கும்போது மனிதனுக்கு இருவகை அச்சம் உண்டாகிறது. அது பிறரால் கெட்டுவிடுமோ என்பது ஒன்று. தன் கையாலேயே கெட்டுவிடுமோ என்பது மற்றொன்று. முதல் அச்சத்துக்குப் பெட்டியும் பூட்டும் போதும். இரண்டாவது அச்சத்துக்குப் பூட்டு இல்லை. கூறைப்பட்டிலே கத்தரி வைக்கும் தையற்காரரும், பிறந்த குழந்தைக்கு முதன்முதல் நகம் வெட்டும் தாயும், பரீட்சை மண்டபத்தில் வெள்ளைத் தாளைப் பார்த்தபடி பேனாவைப் பிடித்திருக்கும் மாணவனும் இதனை நன்கு அறிவர். எனக்கு இதனைக் கற்பித்தது ஒரு மரக்கப்பல்.

அக்கப்பலின் நீளம் இரண்டரை அடி. அதனைச் செய்தவர் என் தாயாரின் தமையனார். நாங்கள் அவரைப் பெரியம்மான் என்று அழைப்போம். திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியர் வசம் இருந்த காலத்தில் அங்கே தச்சராக வேலை பார்த்தவர். 1957 இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்ட பின்னர், ஊருக்குள்ளே கதவு, யன்னல், கட்டில், அலுமாரி என்று செய்து வாழ்ந்தார்.

தளத்திலே பணி புரிந்த நாளில் ஆங்கில மாலுமி ஒருவர் அவரிடம், “உங்கள் ஊர்ப் பெயரில் எங்கள் நாட்டில் ஒரு பழைய போர்க்கப்பல் இருக்கிறது; தெரியுமா?” என்று கேட்டாராம். அக்கேள்வி பெரியம்மானை விடவில்லை. எங்கெங்கோ சொல்லி வைத்து அக்கப்பலின் வரைபடப் பிரதியொன்றைப் பெற்றார். வேலையிலே மிஞ்சிய தேக்குத் துண்டுகளைச் சேர்த்தார். மாலை வேளைகளில், விளக்கொளியிலே, பன்னிரண்டு ஆண்டுகள் செதுக்கினார். உடல் முடிந்தது, பீரங்கிக் கதவுகள் முடிந்தன. மூன்று பாய்மரங்களும் கயிற்றேணிகளும் தனியே ஒரு துணிப்பையில் காத்திருந்தன. உடலுக்கு வர்ணம் பூசிய பிறகே அவற்றை நாட்ட இயலும். அந்த வேளையில் அவருடைய கண்களில் படலம் படர்ந்துவிட்டது. “தம்பி, வர்ணத்தை நீ பூசு” என்று கப்பலை என் கையில் தந்தார். 1979 இல் அவர் காலமானார்.

1990 இல் ஊரைவிட்டு அகன்றபோது கப்பலைப் பழைய சேலையொன்றில் சுற்றி எடுத்துச் சென்றோம். அவர் செய்த கட்டில்களும் அலுமாரிகளும் போனவை போனவையே. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோது கப்பல் மேற்றட்டில் இருந்தபடியால் தப்பியது. அவருடைய உளி பட்ட பொருள் இவ்வுலகில் எங்களுக்கு அது ஒன்றுதான். அதன் மேல் எவ்வாறு தூரிகை வைப்பது? பலமுறை வர்ணப் போத்தலைத் திறந்ததுண்டு. கை நடுங்கவே மூடி வைத்ததும் உண்டு.

சென்ற ஆண்டு என் பேத்தி துணிப்பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, “அப்பப்பா, இந்தப் பாய்மரங்கள் எப்போது நிற்கும்?” என்று கேட்டாள். எனக்கு வயது எழுபது. பெரியம்மானின் கண்ணுக்கு வந்த தடை என் கண்ணுக்கும் வர அதிக நாள் வேண்டியதில்லை என்பது அப்பொழுது தெளிவாயிற்று.

வரைபடம் தொலைந்த கப்பல்

அச்சம் தணிவதற்கு முதலில் உதவியது அம்மூலக் கப்பலின் வரலாறே. ‘ட்ரிங்கோமலி’ என்ற அப்போர்க்கப்பலைக் கட்ட 1812 இல் கட்டளை பிறந்தது. நெப்போலியனுடன் நிகழ்ந்த நெடும்போரினால் இங்கிலாந்தில் கப்பலுக்கேற்ற ஓக் மரம் அருகிவிட்டது. ஆதலால் இந்தியத் தேக்கைக் கொண்டு பம்பாயிலே கட்டத் தீர்மானித்தனர். வரைபடங்கள் ‘ஜாவா’ என்ற கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டன. அக்கப்பலோ பிரேசில் கரைக்கப்பால் 1812 டிசம்பர் 29 ஆம் நாள் ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற அமெரிக்கக் கப்பலிடம் தோற்றுப் போயிற்று. வரைபடங்களும் அதனோடு போயின. கட்டுவதைக் கைவிட்டார்களா? இல்லை, வேறொரு பிரதி எடுத்து மீண்டும் அனுப்பினார்கள்.

1816 மே மாதம் வேலை தொடங்கியது. பார்சி மரபினரான தலைமைக் கப்பற்றச்சர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா, எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணியொன்றைக் கப்பலின் அடிமரத்தில் அறைந்து பணியை ஆரம்பித்தார். கப்பலுக்கு நன்மை உண்டாக அது இன்றியமையாததென்பது அவர்களது நம்பிக்கை. 1817 அக்டோபர் 12 ஆம் நாள் கப்பல் நீரில் மிதந்தது. 1819 ஏப்ரல் 30 இல் போர்ட்ஸ்மத் துறைமுகத்தை அடைந்தது.

அதன்பின் அது பட்ட பாடும் சிறிதன்று. 1897 இல் உடைப்பதற்கென்றே விற்றுவிட்டார்கள். செல்வர் ஒருவர் வாங்கிக் காப்பாற்றியதால் பிழைத்தது. ‘பூட்ராயன்ட்’ என்ற வேறு பெயருடன் இளைஞரைப் பயிற்றும் கப்பலாகப் பல்லாண்டு கிடந்தது. பெரியம்மானிடம் மாலுமி சொன்ன காலத்தில் அதற்கு எங்கள் ஊர்ப் பெயர்கூட இல்லை. 1987 இல் ஹாட்டில்பூல் நகருக்குக் கொண்டு சென்று திருத்த வேலையைத் தொடங்கினர். 1992 இல் பழைய பெயர் திரும்பியது. 2001 இல் வேலை நிறைவேறியது. இன்று மிதந்து நிற்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது அதுவே.

இதனைப் படித்தபோது என் உள்ளத்தில் ஓர் எண்ணம் உதித்தது. வரைபடம் தொலைந்தால் மறுபிரதி எடுக்கலாம் என்று அறிந்தவர்கள்தாம் கப்பல் கட்டினார்கள். திரும்பி வருவதற்கு ஒரு வழி இருக்குமானால் முன்னே செல்லக் கால் அஞ்சாது. அத்தகைய வழியொன்றை இம்மரக்கப்பலுக்கும் உண்டாக்க வேண்டும் என்று துணிந்தேன்.

கைக்கு ஓர் ஊன்றுகோல்

தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம். பலகைக்கு ஆயுள் தருவது அப்பசையே. ஆனால் வர்ணம் ஒட்டாமல் உரிந்து போவதற்கும் அதுவே காரணமாகும். முதலில் மதுசாரம் தோய்த்த துணியால் மரத்தைத் துடைத்து, அதன் மேல் மதுசாரத்திலே கரைத்த அரக்கை மெல்லிதாக இரு முறை பூச வேண்டும். அரக்கு மதுசாரத்தில் கரையும், டர்பன்டைனில் கரையாது. எனாமல் வர்ணமோ ஈரமாக உள்ளவரை டர்பன்டைனில் கரையும். ஆதலின் வர்ணம் கோணலாய் விழுந்தால் டர்பன்டைன் தோய்த்த துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். அரக்கு அப்படியே இருக்கும். அதன் கீழே பெரியம்மானின் மரமும் அப்படியே இருக்கும்.

இது உண்மைதானா என்று பார்க்காமல் கப்பலைத் தொடுவது தகாது அல்லவா? அவர் விட்டுச்சென்ற துண்டுகளுள் ஒரு சாண் நீளமானதை எடுத்து அரக்குப் பூசி, பேத்தியிடம் கறுப்பு வர்ணத்தைக் கொடுத்து, “உன் விருப்பப்படி கெடுத்துவிடு” என்றேன். அவள் மகிழ்ச்சியோடு கெடுத்தாள். துடைத்தோம். மரம் பழையபடி பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கணத்திலே என் நெஞ்சிலிருந்து பெரும் பாரம் ஒன்று இறங்கியது.

காலமும் பார்க்க வேண்டியிருந்தது. மாரி மழையில் காற்று ஈரமாதலால் வர்ணம் காயாது. கச்சான் காற்றுத் தொடங்கினால் தூசி பறந்து ஒட்டிக்கொள்ளும். இடைப்பட்ட மாசி, பங்குனி நாட்களைத் தெரிந்து, காலையில் காற்று எழுமுன் ஒரு மணி நேரம் மாத்திரம் வேலை செய்வதென்று வைத்துக்கொண்டோம்.

பயந்த நேரத்தில் உடம்பிலே அட்ரினலின் என்னும் சுரப்பு மிகுந்து, கைக்கு இயல்பாகவே உள்ள நுண்ணிய நடுக்கத்தைப் பெருக்கிவிடுகிறது. “நடுங்காதே” என்று கைக்குக் கட்டளையிடுவதால் பயனில்லை. முழங்கையை மேசையிலும், மணிக்கட்டை ஒரு மரக்கட்டையிலும், தூரிகை பிடித்த கையின் சுண்டுவிரலை மற்றக் கையின் மேலும் ஊன்றினேன். மூச்சை மெல்ல வெளியே விடும்போது ஒரு கோடு, பிறகு ஓய்வு. வர்ணத்தையும் நீர்த்ததாகக் கலக்கினேன். தடித்த ஒரு பூச்சு செதுக்கலின் நுணுக்கத்தை மூடிவிடும். மெல்லிய மூன்று பூச்சு அதனை எடுத்துக் காட்டும்.

யாரும் பார்க்காத அடிப்புறத்திலிருந்து தொடங்கினோம். அக்காலத்துக் கப்பல்களின் அடிப்பாகத்தைக் கடற்புழு துளைக்காதிருக்கச் செப்புத் தகடு போர்த்துவது வழக்கம். அதனால் முதலில் செம்பு நிறம். அதன் மேலே கறுப்பு. தனிக் கறுப்பாகப் பூசினால் சிறிய உருவம் உயிரற்றுத் தோன்றும் என்பதால் அதிலே சிறிது சாம்பல் நிறம் சேர்த்தேன். இறுதியில் பீரங்கிக் கதவுகளின் வரிசையிலே வெள்ளைப் பட்டை. ஆறு வாரங்கள் சென்றன. எந்த நாளில் நடுக்கம் நின்றதென்று சொல்லத் தெரியவில்லை. வேலையிலே மனம் படிந்த பின் அதனைத் தேடிப் பார்க்கத் தோன்றவில்லை.

அணியத்து மனிதன்

ஆயினும் ஓரிடம் எஞ்சியிருந்தது. கப்பலின் முகப்பிலே, நீரை நோக்கியபடி, தலைப்பாகை அணிந்த கீழைத்தேய மனிதன் ஒருவனின் சிற்பம் உண்டு. பெரியம்மான் அம்முகத்தைச் சுண்டுவிரல் நகத்தளவில் செதுக்கியிருந்தார். அதற்குக் கண் எழுத வேண்டும்.

கண் எழுதுவதற்கு அஞ்சியவன் நான் ஒருவன் மாத்திரம் அல்லன். நம் கோயில்களில் சிற்பி எல்லா வேலையும் முடித்த பின்னரே, நல்ல நாழிகை பார்த்து, பொன்னூசியால் விக்கிரகத்தின் கண்ணைத் திறக்கிறான். சிங்களக் கலைஞரின் ‘நேத்திர மங்கலம்’ என்னும் சடங்கைக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட தமது நூலில் விவரித்துள்ளார். புத்தர் சிலையின் கண்ணை ஓவியன் நேரே பாராமல், கண்ணாடியிலே பார்த்து எழுதுவது அம்மரபு. பம்பாயின் வெள்ளி ஆணியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அச்சத்தை இகழாமல், அதற்கு முறையான ஓர் இடம் கொடுத்து, அதன் பிறகு கையை நீட்டினார்கள் நம் முன்னோர்.

முகத்துக்கு எந்நிறம் பூசுவது? வரைபடத்தில் குறிப்பு இல்லை. கொட்டியாரக் குடாவில் வலையிழுத்துக் கரையேறும் மனிதரின் முகத்தைச் சிறு வயது முதல் பார்த்தவன் நான். செம்மண் நிறத்திலே கறுப்பும் சிறிது மஞ்சளும் கலந்து அந்நிறத்தை உண்டாக்கினேன். கப்பலின் பெயர் நம்முடையதாயின் முகமும் நம்முடையதாகவே இருக்கட்டும் என்று எண்ணினேன். பிறகு மூன்றே மயிர் விட்டு மற்றவற்றைக் கத்தரித்த தூரிகையால் இரண்டு புள்ளிகள். வீட்டிலே ஒருவரும் பேசவில்லை. பேத்தி குனிந்து பார்த்து, “அப்பப்பா, இவர் கடலைப் பார்க்கிறார்” என்றாள்.

மறுவாரம் பாய்மரங்கள் நின்றன.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் முடிவுறாத அருமைப் பொருளொன்று அலுமாரியில் இருக்கக் கூடும். பாட்டி பாதியில் விட்ட பூவேலையாக இருக்கலாம். தந்தையார் தொடங்கிய கையெழுத்துப் பிரதியாக இருக்கலாம். அதனைத் தொட அஞ்சுவது அன்பின் அடையாளம். ஆனால் அதனை முடிக்காமல் விட்டுச் சென்றவர் அஞ்சுவதற்காக அதனை நம்மிடம் தரவில்லை. மீள ஒரு வழி அமைத்துக்கொண்டு, ஒருவரும் காணாத மூலையிலிருந்து தொடங்குங்கள். முகத்தைக் கடைசிக்கு வையுங்கள். பிள்ளைகளின் கையில் தூரிகை கொடுக்கும் பெற்றோர், கெடுத்துப் பழக ஒரு மரத்துண்டையும் உடன் கொடுப்பார்களாக.