தந்தையின் குறிப்பேடு

2014 செப்டம்பரில் பாரத ஸ்டேட் வங்கியின் பங்குகளை, ஒன்று ஏறக்குறைய 2,500 ரூபாய்க்கு வாங்கியதாகத் தந்தையார் குறித்திருந்தார். அடுத்த மாதமே அவர் மறைந்தார். 2015 ஜனவரியில் நாளிதழைப் பார்த்தேன். விலை 300 ரூபாய்ச் சொச்சம்! குடும்பச் சேமிப்பைப் பாழாக்கிவிட்டாரே என்று தாயாரிடம் கடிந்து பேசினேன்.

பங்குத் தரகர் ஒருவர் விளக்கினார்: “நவம்பரில் வங்கி, பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கு ஒவ்வொன்றையும் ஒரு ரூபாய்ப் பங்குகள் பத்தாகப் பிரித்தது. பழைய விலையைப் பத்தால் வகுத்த பின்னரே ஒப்பிட வேண்டும்.”

வகுத்தேன், 250 வந்தது. நட்டமன்று, இலாபமே!

பழைய விலைகளை ஆராய்வோர், இடையில் பங்கு பிரிக்கப்பட்டதா, இலவசப் பங்கு வழங்கப்பட்டதா என்பதை முதலில் அறிதல் வேண்டும். இதனை அறியாமலே தந்தையாருக்குத் தீர்ப்பிட்டேன். அன்றிரவு தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.