முள்ளுச்செடி வம்பு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைச்சது. சம்பந்தி வீட்டு விஷயத்தைப் போன்ல பேசிக்கலாம், எழுத்துல வைக்கிற சமாசாரமா அது? இப்போ இந்த நியூஜெர்சித் தெருவோட வம்பைக் கேளு.

என் வாசல் பக்கத்துல ஃபீல்டு திஸில்னு ஒரு முள்ளுச்செடி வளர்க்கிறேன். இலையைப் பார்த்தா நம்ம பிரம்மதண்டு மாதிரிதான் இருக்கும், பூ மட்டும் ஊதா கலந்த ரோஸ். முதல் வருஷம் தரையோடு தரையா இலை விரிச்சுக் கிடக்கும். மறு வருஷம் ஆளுயரம் எழும்பி, ஆகஸ்டுலேர்ந்து பூத்து, விதை விட்டுட்டுச் செத்துப்போகும். இந்த மண்ணுலேயே பிறந்த செடிடி. அது எதிர்வீட்டம்மாவுக்குப் புரியணுமே! "களையை வளர்க்கிறாங்க"ன்னு குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதிப்போட்டுட்டா. அங்கேர்ந்து எனக்கு ஒரு நோட்டீஸ்.

அவளைக் கையோட கூட்டிக்கிட்டு வந்து இலையைத் திருப்பிக் காட்டினேன். அடிப்பக்கம் வெள்ளை வெளேர்னு கம்பளி ஒட்டின மாதிரி இருக்கும். தண்டுல முள் இறக்கை கிடையாது. புல் திஸில்னு ஐரோப்பாவுலேர்ந்து வந்தது ஒண்ணு இருக்கு, அதுக்குத் தண்டு நெடுக முள் இறக்கை. வேரை ஓடவிட்டுத் தோட்டத்தையே வளைச்சுப் போடுற கனடா திஸிலும் கனடாக்காரி இல்லை, அதுவும் கடல் தாண்டி வந்ததுதான். அதுங்க பண்ற அட்டூழியத்துக்கு இது பேச்சு வாங்குது. பேச்சோட போச்சா? வந்தேறி திஸிலை ஒழிக்கிறேன்னு 1960கள் கடைசியில ஐரோப்பாவுலேர்ந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டாங்க. அது உள்ளூர் திஸிலோட பூத்தலையிலேயும் முட்டை போடுது, அதோட புழு உள்ளே போய் விதையைத் தின்னுது. கிரேட் லேக்ஸ்ங்கிற பெரிய ஏரிகளோட கரை மணல்மேட்டுல மட்டும் வளர்ற பிட்சர்ஸ் திஸில், 1988லயே அழிவு அபாயப் பட்டியலுக்குப் போன பாவம், அதையும் அந்த வண்டு விடலை.

நான் இவ்வளவு மல்லுக்கட்டுறது கோல்ட்ஃபிஞ்சுக்காகத்தான். இந்த மாநிலத்துப் பறவையே அதுதான். ஆண் கோடையில பளீர் மஞ்சள், நெத்தியில கறுப்புத் தொப்பி. மத்த பறவைங்க முக்கால்வாசி குஞ்சு பொரிச்சுப் பறக்கவிட்ட பிறகுதான், ஜூலை வாக்குல, இது கூடு கட்டவே ஆரம்பிக்கும். திஸில் பஞ்சை உள்ளே மெத்தையா வைக்கும். குஞ்சுக்குப் பூச்சி கிடையாது, விதையைக் கக்கி ஊட்டும். சுத்த சைவம்! அடுத்தவ கூட்டுல முட்டையிட்டுட்டு நழுவுற கௌபேர்டுன்னு ஒருத்தி இருக்கா. அவ பிள்ளைக்கு இந்த வீட்டுச் சாப்பாடு ஒத்துக்காது, சில நாள்லயே போய்ச்சேர்ந்துடும். நல்லா வேணும்.

செப்டம்பர்ல நீ இங்கே இருக்கணும். கோல்ட்ஃபிஞ்சு காய்ஞ்ச பூத்தலை மேல தொத்திக்கிட்டு, பஞ்சைக் கொத்துக்கொத்தாப் பிடுங்கி, அடியில இருக்கிற விதையை மட்டும் கடிச்சு எடுக்கும். பஞ்சு பறந்து போய் எதிர்வீட்டுக் கார் மேல ஒட்டும். அந்தம்மா முகத்தைப் பார்க்கணுமே!

அவ இந்தப் பறவைக்குன்னே கடையில மூட்டை மூட்டையா விதை வாங்குறா. ரொம்ப காலம் அதைத் 'திஸில் விதை'ன்னே வித்தாங்க. அது திஸிலே இல்லைடி. உங்க கிருஷ்ணகிரிப் பக்கம் மானாவாரியில போடுவாங்களே, பேயெள்ளு, அதேதான்! எத்தியோப்பியாவுலேர்ந்தும் இந்தியாவுலேர்ந்தும் வருது, கூடக் கலந்து வர்ற களை விதை முளைச்சிடக் கூடாதுன்னு சூடு காட்டித்தான் உள்ளே விடுறாங்க. கடல் தாண்டி வந்த எள்ளைக் காசு கொடுத்து வாங்குவா, வாசல்ல சும்மா விளையறது களையாம்.

நோட்டீஸுக்குச் செடியோட பேரு, விவரம், படமெல்லாம் போட்டுப் பதில் எழுதியிருக்கேன். இன்னும் சத்தம் இல்லை. இதுக்கு நடுவுல ஒரு ரகசியம்: அவ வீட்டுக்காரர் குப்பைத்தொட்டி வைக்க வந்த சாக்குல மெதுவா என்கிட்ட விதை கேட்டார். காகிதத்துல மடிச்சுக் கொடுத்தேன். பின்பக்க வேலியோரம் தூவியிருக்கார் போல. அவளுக்கு இன்னும் தெரியாது, நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாதே.

அங்கே இந்த வருஷம் பேயெள்ளு என்ன விலை போகுதுன்னு விசாரிச்சு எழுது. இவ கொடுக்கிற விலையைச் சொன்னா நீ மயக்கம் போட்டுடுவே.

அன்புடன்,
உன் சரசு