களிம்பு பூக்கும் தீவு

உப்புக் காற்றுக்கு மருந்தாக வந்த ரசாயனங்கள், கடைசியில் போய்ச் சேரும் இடம் எது?

கோடை இரவில் கும்பளங்கிக் காயலில் துடுப்பைப் போட்டால் தண்ணீர் நீலமாக மின்னுகிறது. 'கவரு' என்கிறார்கள் மலையாளிகள். உப்பேறிய நீரில் பெருகும் நுண்ணுயிர்களின் ஒளி அது. 2019-ல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படத்துக்குப் பிறகு இதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

காயலில் அழகு காட்டும் அதே உப்பு வீட்டுக்குள் நுழைந்தால் கதை வேறு. மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, காயல் சூழ்ந்த இந்த ஊரில் காற்றிலேயே உப்பும் ஈரமும் கலந்திருக்கிறது. சுவிட்ச், ரேடியோ, சார்ஜர் என்று உலோகமும் உலோகமும் தொட்டு மின்சாரம் பாயும் இடங்களில் எல்லாம் களிம்பு பூக்கிறது.

களிம்புக்கு உலகம் கண்ட மருந்துகளில் ஒன்று ஸ்பிரே. டப்பாவை ஒரு அமுக்கு அமுக்கினால் அழுக்கு போய்விடும். திரவமும் சுவடில்லாமல் ஆவியாகிவிடும். பல ஆண்டுகள் இதற்குப் பயன்பட்டது குளோரோஃபுளூரோகார்பன்-113. தீப்பிடிக்காது, பிளாஸ்டிக்கை அதிகம் பாதிக்காது. ஆவியானது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. இந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-ல் எச்சரித்தார்கள். 1987-ல் மான்ட்ரியல் உடன்பாடு வந்தது. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. மாற்றாக வந்தவற்றில் ஒன்றான எச்.சி.எஃப்.சி.-141பி-யும் ஓசோனுக்கு ஆகாததுதான். 2020 ஜனவரி 1 முதல் இந்தியா அதையும் கைவிட்டது.

வானத்துக்குப் போனது ஒருவழியாகக் கட்டுக்குள் வந்தது. தண்ணீருக்குப் போனது?

இன்னொரு மருந்து காட்மியம். உப்பு அரிக்காமலிருக்க உலோகத்தின் மேல் அதைப் பூசுவார்கள். ரிலே முனைகள் தீப்பொறியில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க வெள்ளியோடு காட்மியம் ஆக்சைடைச் சேர்ப்பார்கள். காட்மியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. துத்தநாகத் தாதுவோடு ஒட்டிக்கொண்டு வருவது அது. கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றங்கரையில் உள்ள எடயாரில் 1967 முதல் 2014 வரை ஒரு துத்தநாக ஆலை இயங்கியது. எலூர்-எடயார் ஆலைகளைக் கடந்து வரும் பெரியாறு கொச்சிக் கழிமுகத்தில் கலக்கிறது. அங்கே வண்டலை ஆராய்ந்தவர்கள், துத்தநாகமும் காட்மியமும் இயல்பைவிட மிகுந்திருப்பதைக் கண்டார்கள். ஆலைகளுக்கு அருகே வடக்கில்தான் அதிகம். தெற்கே வர வரக் குறைகிறது.

கும்பளங்கி இருப்பது தெற்கே. அது ஓரளவு ஆறுதல். ஆனால் காட்மியம் மக்குவதில்லை, சேற்றில் தங்கிவிடும். கும்பளங்கிக்காரர்களின் பிழைப்போ சேற்றில்தான் இருக்கிறது. நண்டு, இறால், மழைக்காலத்தில் பொக்காளி நெல். அறுவடை முடிந்த வயலிலேயே இறால் வளர்ப்பார்கள். உரமும் பூச்சிமருந்தும் போடாமல் விளையும் நெல் இது. 2008-ல் புவிசார் குறியீடு பெற்றது.

ஜப்பானின் தொயாமா பகுதியில் ஜின்ட்சு ஆற்று நீரைப் பாய்ச்சிய வயல்களின் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கியது. மேலே இருந்த துத்தநாகச் சுரங்கத்தின் காட்மியமே காரணம் என்று 1968-ல் அரசு ஒப்புக்கொண்டது. நோயின் பெயர் 'இதாய்-இதாய்'. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று பொருள். கொச்சியை அதோடு ஒப்பிடுவது மிகை. ஆனாலும் துத்தநாகம், ஆறு, நெல்வயல் என்ற பாதை ஒன்றுதான்.

மின்சாதனங்களில் காட்மியம் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியாவின் மின்கழிவு விதி. 2011-ல் அறிவிக்கப்பட்ட அந்த விதி விலக்கு அளித்தவற்றில் மின் தொடுமுனைகளும் உண்டு.

மாதிரிச் சுற்றுலா கிராமம் என்று பெயரெடுத்த கும்பளங்கி, 2022-ல் சானிட்டரி நாப்கின் இல்லாத ஊராகவும் அறிவிக்கப்பட்டது. தன் குப்பையைத் தானே குறைக்கத் தெரிந்த ஊர் இது. ஆனால் காயல் தினமும் ஏறி இறங்கும்போது எது யார் குப்பை என்று பிரித்துக்கொண்டு வருவதில்லை.