இன்னும் ஒரே ஒரு டர்ன்

ஹெப்பகோடிக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷமாகிறது. ஆகஸ்ட் 2025ல் மஞ்சள் தட மெட்ரோ வந்த பிறகு ஓசூர் ரோட்டைத் திட்டுவது குறைந்திருக்கிறது. வீட்டில் திட்டுவதுதான் குறையவில்லை. காரணம், 'சிவிலைசேஷன்' என்கிற கம்ப்யூட்டர் கேம்.

பத்தாவது படிக்கும் பையன் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். "இன்னும் ஒரே ஒரு டர்ன்ப்பா" என்றான். லேப்டாப்பைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பத்து நாளும் எனக்கும் தூக்கமில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் கரண்ட் போனது. மொட்டை மாடியில் சாக்பீஸால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் போட்டேன். எங்கள் ஊர் கோயில் கல்லில் செதுக்கியே வைத்திருப்பார்கள். வீட்டுக்காரரின் அம்மா பார்த்துவிட்டு "ஆடு ஹுலி ஆட்ட!" என்று சிரித்தார்.

23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆட்டை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி தாண்டித் தின்னும். மூன்று புலியையும் நகரவிடாமல் அடைத்தால் ஆடு ஜெயிக்கும். பையன் புலி. மூன்று ஆட்டைத் தின்றான், ஆனாலும் அடைத்துவிட்டேன்.

"இதுவும் டர்ன் பேஸ்டுதாம்ப்பா!" என்றான். பத்து நாளில் முதல் வார்த்தை.

பிறகு அவனே விளக்கினான். சுடுகிற கேம்களில் விரல் வேகம் வேண்டும். இதில் நாம் யோசித்து முடிக்கும்வரை எதிராளி காத்திருப்பான். 1991ல் சிட் மையர் கொண்டுவந்த ஆட்டம். பிப்ரவரி 2025ல் வந்த ஏழாவதில் சோழர்கள்கூட உண்டாம். கையிலிருப்பதை இன்றைக்குப் படைக்குப் போடுவதா, நாளைக்குப் பலன் தரும் நூலகத்துக்குப் போடுவதா என்று ஒவ்வொரு டர்னிலும் முடிவெடுக்க வேண்டும். எஃப்டி போடுகிற கதைதான்!

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வங்கியில் 'டே எண்ட்' உண்டு, கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம். அந்த ஆட்டத்தில் ஒரு கட்டடம் முடியும்போது இன்னொன்றுக்கு இரண்டே டர்ன் பாக்கி இருக்கும். டே எண்டே கிடையாது. அதை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து மணி என்று ஒப்பந்தம் போட்டோம். பீரோ சாவியை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து அடித்ததும் "டே எண்ட்ப்பா" என்று மூடப் போனான். திரையில் தஞ்சைப் பெரிய கோயில் பாதியில் நின்றது.

"இருடா, இன்னும் ரெண்டே டர்ன்" என்றது நான்தான்.