எறும்பு ஏறும் தொட்டி

ஏப்ரல் 26, ஞாயிறு

ஹால் ஜன்னலோரம் இருக்கும் ஹோயா கொடியில் பிள்ளையார் எறும்பு வரிசை கட்டி ஏறி இறங்குகிறது. அந்தப் பக்கம் சர்க்கரை டப்பாவும் இல்லை, ஊறுகாய் ஜாடியும் இல்லை. காரணமில்லாமல் எறும்பு மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடிவரை ஏறி வராது. இலையைப் புரட்டினேன். காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு. மாவுப்பூச்சிதான்.

கீழ் இலைகளெல்லாம் பிசுபிசு. தரை டைல்ஸில்கூட இரண்டு சொட்டு ஒட்டுகிறது. இந்தப் பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதில் தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொண்டு மிச்சச் சர்க்கரைத் தண்ணீரை வெளியே விட்டுவிடும். எறும்பு அதற்குத்தான் வருகிறது. குடித்துவிட்டுச் சும்மாவும் போகாது. மாவுப்பூச்சியைத் தின்ன வேறு ஏதாவது வந்தால் விரட்டியடிக்கும்.

போன மாதம் வீட்டுக்காரர் நர்சரியிலிருந்து வாங்கி வந்த டைஃபென்பாக்கியாவின் குருத்துக்குள்ளும் வெள்ளை. அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். இரண்டு தொட்டியையும் பால்கனிக்கு நகர்த்தினேன். அக்லோனிமா தப்பித்தது.

ஏப்ரல் 27, திங்கள்

மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் பட்ஸும். காலையில் ஒரே ஒரு இலையில் தொட்டு வைத்தேன். சாயங்காலம்வரை கருகவில்லை என்றதும் உட்கார்ந்துவிட்டேன். ஸ்பிரிட் பட்ட இடத்தில் மெழுகு கரைந்து, வெள்ளைப் பொடிக்குள்ளிருந்து வெளிர் ரோஸில் ஒரு கொழகொழத்த உடம்பு தெரிகிறது. ஓரமெல்லாம் குட்டிக் குட்டி மெழுகு முட்கள். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் ஒற்றி எடுத்தேன். டைஃபென்பாக்கியாவுக்கு மட்டும் கையுறை போட்டுக்கொண்டேன், அதன் பால் பட்டால் அரித்துத் தள்ளிவிடும்.

இதோடு முடியாது. ஒரு பஞ்சுப் பொதிக்குள் சில நூறு முட்டை இருக்கும். பொரிந்து வரும் குஞ்சுகள் ஊசிமுனை அளவு, மேலே மெழுகு கிடையாது, இடம் தேடி அலையும். அந்தச் சமயத்தில்தான் மருந்து பிடிக்கும். ஒவ்வொரு ஞாயிறும் இதற்கு ஒதுக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 29, புதன்

அவர் உரக்கடையிலிருந்து இமிடாகுளோபிரிட் பாட்டில் ஒன்றோடு வந்தார். லேபிளில் பருத்தி, நெல், மிளகாய் என்று போட்டிருக்கிறது. நாம் படுத்துத் தூங்கும் வீடு என்று எங்கும் போடவில்லை. திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

ராத்திரி கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டேன். மாவுப்பூச்சி என்றதும் பழைய கதைக்குப் போய்விட்டான். 2008-ல் கோயம்புத்தூரில் கண்டுபிடிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று கொங்குப் பக்கம் முழுக்கப் பரவியது. எங்கள் வீட்டில் அப்போது பட்டுப்புழு வளர்ப்பு. "மருந்தடிச்சா புழு சாகும், அடிக்காட்டி மல்பெரி சாகும். ரெண்டுக்கும் நடுவுல நாங்க கெடந்தோம்க்கா" என்றான்.

கடைசியில் காப்பாற்றியது ஒரு குளவி. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். அசெரோபேகஸ் பப்பாயே என்று பெயர். எறும்பைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் புழு அதைத் தின்று தீர்த்துவிடும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. "பாட்டிலைத் திருப்பிக் குடுத்தது நல்லதுக்கா" என்று சொல்லி வைத்தான். இதை அவர் காதில் விழும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

மே 3, ஞாயிறு

ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி. எண்ணெய் தண்ணீரோடு சேராது. அதனால் முதலில் காதி சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுப் பால் மாதிரி வெளுக்கும்வரை அடித்து, பிறகு மிச்சத் தண்ணீர். மேலே எண்ணெய் மிதந்தால் அது கலவை இல்லை, இலையைப் பொசுக்கத்தான் உதவும். இலைக்கு அடியிலும் இடுக்கிலும் நனைய நனைய அடித்தேன்.

அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "இஸ்திரி வண்டிச் சாம்பலைத் தூவினாப் போச்சு, இதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்றார். கத்திரிப் பாத்தியில் அசுவினிக்கு அவர் சாம்பல் தூவி வளர்ந்தவர், சொல்வார். மெழுகு போர்த்திய பூச்சியைச் சாம்பல் ஒன்றும் செய்யாது. பால்கனியைப் பெருக்குவதும் நான்தான்.

வேப்பெண்ணெயில் மறுநாளே பூச்சி செத்து விழும் என்று பார்த்தால் ஏமாற்றம்தான். எண்ணெய் மேலே படர்ந்து மூச்சை அடைக்கும். அதிலுள்ள அசாடிராக்டின் குஞ்சுகளைத் தோல் உரிக்க விடாது. இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். வெயிலில் அது சீக்கிரம் வீரியம் இழந்துவிடும் என்பதால் சாயங்காலம் அடிப்பதே சரி. மீந்ததை எடுத்து வைத்தும் பயனில்லை.

மே 4, திங்கள்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. எண்ணெய் பட்ட இலை வெயிலில் கருகும். பால்கனித் திரையை இழுத்துவிட்டேன்.

மே 10, ஞாயிறு

இரண்டாவது தெளிப்பு. ஹோயாவில் வெள்ளை பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

புதுத் தலைவலி படுக்கையறையில். ஏசிக்குக் கீழே இருக்கும் அரிகா பாமின் ஓலை மங்கி, மேலெல்லாம் ஊசியால் குத்தின மாதிரி புள்ளி. வெள்ளைத் தாளை அடியில் பிடித்து ஓலையைத் தட்டினேன். தாளில் விழுந்த தூசி நடந்து போனது. விரலால் தேய்த்ததும் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. செம்பேன்.

இது பூச்சியே இல்லை, எட்டுக் கால் உள்ள சிலந்தி வகையறா. அவர் வாங்கி வந்த மருந்து இதைக் கொல்லாது. அதை அடித்த செடியில் செம்பேன் கூடிப்போவதுகூட உண்டு. வறண்ட காற்றுதான் இதற்குக் கொண்டாட்டம். பாமைக் குளியலறைக்கு இழுத்துப் போய்க் கைஷவரால் ஓலைக்கு அடிப்பக்கம் நன்றாகக் கழுவினேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவினால் போதும், காசு செலவில்லை. இனிமேல் ஏசிக்குக் கீழே அதற்கு இடமில்லை.

மே 13, புதன்

எறும்பை நிறுத்தாமல் பூச்சியை நிறுத்த முடியாது. நெய்ப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதேதான்: ஹோயா ஸ்டாண்டின் நாலு காலுக்கும் கிண்ணத்தில் தண்ணீர், கொசு முட்டையிடாதபடி ஒரு சொட்டு சோப்பு. கொடி சுவரிலோ திரையிலோ பட்டால் எறும்புக்கு அதுவே பாலம், அதனால் நுனிகளைக் கத்தரித்துவிட்டேன்.

மே 17, ஞாயிறு

பால்கனிச் செம்பருத்தியில் பெரிய மாவுப்பூச்சி ஒன்று விறுவிறு என்று ஓடுகிறது என்று அவர் பட்ஸோடு கிளம்பினார். கையைப் பிடித்து நிறுத்தினேன். மாவுப்பூச்சி ஓடாது, ஊரும். இது நீளம் கூடுதல், முதுகிலிருந்து மெழுகு இழைகள் கலைந்த தலைமுடியாகத் தொங்குகின்றன. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தோம். ஒரு மாவுப்பூச்சியின் பஞ்சுக்குள் தலையை விட்டது, வெகுநேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது அங்கே வெறும் தோல்.

கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு அது. வளர்ந்ததும் கறுப்பு இறக்கையும் செம்பழுப்புத் தலையுமாக மாறும். ஆஸ்திரேலியாக்காரன், காப்பிச் செடியின் செதில்பூச்சியை ஒழிக்க 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தன் இரையைப் போலவே மாவு பூசிக்கொண்டு திரிவதால் எத்தனையோ வீட்டில் நசுங்கிச் சாகிறது. செம்பருத்தியில் ஸ்பிரிட்டும் வேண்டாம், வேப்பெண்ணெயும் வேண்டாம் என்று முடிவு. அவர் இப்போது ஆபீஸ் போகுமுன் அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

மே 31, ஞாயிறு

டைஃபென்பாக்கியாவைத் தொட்டியிலிருந்து கவிழ்த்தேன். வேரிலும் வெள்ளைப் பொடி. நோயாளியை வைத்துக்கொண்டு மற்றதைப் பலி கொடுக்க மனமில்லை. மண்ணோடு பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன், தொட்டியை வெந்நீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அவருக்கு வருத்தம், பணம் போட்டு வாங்கினவர்.

ஹோயாவில் எறும்பு இல்லை, பிசுபிசுப்பு இல்லை. கீழ்வீட்டு மாமி கிளை கேட்டார். கண்ணுக்குத் தெரியாத குஞ்சு ஒன்று இடுக்கில் இருந்தாலும் அவர் வீட்டில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆடி முடிந்து கேளுங்கள் மாமி என்று சொல்லிவிட்டேன். இனி நம் வீட்டுக்கு எந்தப் புதுச்செடி வந்தாலும் மூன்று வாரம் பால்கனிக் கோடியில்தான் இருக்கும், யார் வாங்கி வந்ததாக இருந்தாலும் சரி.